போணி ஆகாத தெருக்கள்

எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு மளிகைக் கடை தெரியும். தூரத்தில் இல்லை. கடை வாசலில் நிற்கிறவர் கையசைத்தால் ஆள் யாரென்று சொல்லிவிடலாம், அவ்வளவு கிட்டத்தில். ஆனால் அந்தக் கடைக்கு நடந்து போக முடியாது. நடுவில் ஒரு சாலை ஓடுகிறது. அதைக் கடக்கக் கோடு கிடையாது, ஓரத்தில் நடைபாதை கிடையாது, நின்று மூச்சு வாங்க இடம் கிடையாது. ஆகவே ஒரு கட்டு கொத்தமல்லிக்கு நான் காரை எடுக்கிறேன். அதிலும் நேராகப் போய் இடது பக்கம் திரும்பிவிட முடியாது. சந்திப்பைத் தாண்டி நேரே போய், யு டர்ன் அடித்து, வந்த வழியே திரும்பி வந்து, வலது பக்கம் வளைய வேண்டும். இதற்கு ‘மிச்சிகன் லெஃப்ட்’ என்று பெயர். இடது பக்கம் போவதற்கு இந்த மாநிலம் கண்டுபிடித்திருக்கிற வழி இது. ஊருக்கு போன் செய்யும்போது இதைச் சொன்னால், “கொத்தமல்லிக்குக் கூட கார்லதான் போறியா?” என்று கேட்கிறார்கள். நான் பெருமை பேசுவதாக நினைக்கிறார்கள். வேறு வழி இல்லாமல் போகிறேன் என்றால் நம்ப ஒருவரும் தயாராக இல்லை.

டெட்ராய்ட்டைச் சுற்றி இப்படி ஏகப்பட்ட ஊர்கள் இருக்கின்றன. ஊர் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வீட்டு மனைகள், அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் தெருக்கள், அப்புறம் ஒரு பெரிய சாலை, அப்புறம் கார் நிறுத்தும் மைதானம், மைதானத்தின் கடைசியில் ஒரு கடை. கார் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கிற நம்மவர்கள் இந்த ஊர்களில்தான் குவிந்திருக்கிறோம். பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது, வீடு பெரிதாக இருக்கிறது. கார் செய்கிற சீமையில் நடக்க இடம் கேட்பது தப்புதான் போலிருக்கிறது. எந்த ஊர் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இருக்கிற தமிழ்ச் சனங்கள் நாளைக்கே என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

கள்ளக்குறிச்சியை உயர்த்திப் பேச நான் இதை எழுதவில்லை. அங்கே பிறந்து வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன், அழகு என்று காட்ட அங்கே ஒரு மூலை கூடக் கிடையாது. காந்தி ரோட்டில் நடைபாதை மேல் கடை, கடை முன்னால் பைக், பைக் முன்னால் தள்ளுவண்டி, மிச்சமிருக்கிற இடத்தில் பஸ். மழை பெய்தால் சாக்கடையும் நம்மோடு சேர்ந்து நடந்து வரும். நடக்க இடமே இல்லாத அந்த ஊரில் எல்லோரும் நடந்தோம். இங்கே பக்கத்து ஊர்களில் இரண்டு பேர் கைகோத்துப் போகும் அளவுக்கு நடைபாதை போட்டு, பூச்செடி வைத்து, பெஞ்சும் போட்டு வைத்திருக்கிறார்கள். நடக்கத்தான் ஆள் இல்லை.

அம்மா செத்த பிறகு அப்பாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். நான் ஒரே பெண். அப்பாவுக்குக் கள்ளக்குறிச்சி கடைவீதியில் இரும்புச் சாமான் கடை இருந்தது. மண்வெட்டி, கடப்பாரை, கொடுவாள், கயிறு, சாக்கு, ஆணி என்று குடியானவனுக்கு வேண்டிய எல்லாம் இருக்கும். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும் கடையைக் கைமாற்றி விட்டார். ஆனாலும் தினமும் காலையில் வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போய், பழைய கடைகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்து, மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்புவார். அவருக்கு ஊர்ப் பாசமெல்லாம் பெரிதாகக் கிடையாது. எப்போது பார்த்தாலும் அந்த ஊரைத் திட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் பத்துப் பேர் முகத்தைப் பார்க்காமல், பத்துப் பேர் தன் முகத்தைப் பார்க்காமல், அவருக்குச் சோறு இறங்காது.

வந்த முதல் வாரம், நான் வேலைக்குப் போன பிறகு அப்பா கதவைப் பூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டார். எங்கள் தெரு வளைந்து போய் இன்னொரு தெருவில் முடியும், அது வளைந்து எங்கள் தெருவிலேயே வந்து முடியும். அவர் அதையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அடுத்த தெருப் பெண்மணி ஒருத்தி காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வழி தெரியாமல் வந்துவிட்டீர்களா, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். அப்பாவுக்குப் புரிந்தது ‘ஹெல்ப்’ என்ற சொல் மட்டும். இவளுக்குத்தான் ஏதோ உதவி வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, காரைச் சுற்றி வந்து டயரை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்திருக்கிறார். அவள் பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயந்திரம் என்னிடம் சொன்னார்:

“நாலு டயரும் நல்லாத்தாம்மா இருந்திச்சி. எதுக்கு அந்தம்மா நிறுத்துச்சின்னே தெரியல.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “இது ஊரே இல்லம்மா. இது மலை. கரியாலூர்லேர்ந்து மொத பஸ்ஸப் புடிச்சி எறங்கி வருவாங்களே, அந்த மாதிரி எறங்கிப் போனாத்தான் மனுசாளப் பாக்க முடியும்,” என்றார்.

“கல்வராயன் மலையிலகூட ஆளுங்க நடக்குறாங்கப்பா.”

“அது செரி. அவுங்க குடுத்து வெச்சவங்க,” என்றார்.

அப்புறம்தான் நாங்கள் மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தோம். எங்கள் ஊரை ஒட்டி இரண்டு ஊர்கள் உண்டு. இரண்டிலும் கார் வருவதற்கு முன்பே போட்ட பழைய கடைவீதி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில மைல்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு குணம். ஒன்று பணக்கார ஊர். பெரிய மரங்கள், கூர்மையான கோபுரம் வைத்த சர்ச், கோர்ட்டு, மணிக்கூண்டு. கடைகளுக்குள் சின்ன விளக்கு, கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு கைப்பை. உள்ளே இருப்பவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். அந்தத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு அப்பா தீர்ப்பு சொன்னார்: “இது திருக்கோவிலூரு. கோபுரம், தாலுக்கா ஆபீசு, பெரிய மனுசங்க. சாமி கும்புட வரலாம், யாவாரம் பாக்க வர முடியாது.”

இன்னொரு ஊரின் நடுவில் ரயில் பாதை குறுக்கே போகிறது. சரக்கு வண்டி வந்தால் தெருவே நின்றுவிடும், பின்னால் ஹாரன் கேட்கும். சனிக்கிழமை காய்கறிச் சந்தை உண்டு. மெழுகுவர்த்திக் கடை, நூல்கண்டுக் கடை, பழைய பாட்டு ரெக்கார்டு விற்கிற கடை, நாய்த் தீனிக் கடை, முடிவெட்டுகிற கடை என்று சின்னச் சின்னக் கடைகள் தோளோடு தோள் ஒட்டி இருக்கும். காதில் வளையம் மாட்டிய பையன்கள் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார்கள். அப்பா முகம் அங்கேதான் மலர்ந்தது. “இதாம்மா கள்ளக்குறிச்சி,” என்றார். கேட் போட்டு ரயில் போனபோது வாயைத் திறந்துகொண்டு நின்று பார்த்தார். “வரும் வரும்னு சொல்லிக்கினே இருந்தானுங்களே, நம்ம ஊருக்கு வராத ரயிலு இங்க வந்துட்டு இருக்குது பாரு.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஊர்களுக்கு அதுதான் பெயர். “இந்த வாரம் திருக்கோவிலூரா, கள்ளக்குறிச்சியா?” என்று என் வீட்டுக்காரரே கேட்பார். பல் டாக்டர் திருக்கோவிலூரில். என் ஆபீஸ் கள்ளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தேன். காலையில் ஆபீஸ் போகும்போது அப்பாவைக் கள்ளக்குறிச்சியில் இறக்கிவிடுவேன், மதிய இடைவேளையில் வந்து வீட்டில் கொண்டுபோய் விடுவேன். கடை திறக்கும் வரைக்கும் அவர் லைப்ரரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், திறந்ததும் தெருவில் இறங்குவார். வேட்டி கட்டக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். பேன்ட், சட்டை, என் வீட்டுக்காரரின் பழைய தொப்பி. பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருப்பார். ஆனால் மதியம் காரில் ஏறும்போது வாய் ஓயாது. நூல்கண்டுக் கடைக்காரிக்கு முழங்கால் வலி, ரெக்கார்டுக் கடைப் பையன் கல்யாணமாகாமல் ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான், முடிவெட்டுகிறவன் போர்ச்சுகல்காரன். இங்கிலீஷே தெரியாமல் இவ்வளவும் எப்படித் தெரிந்ததென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரவில் நன்றாகச் சாப்பிட்டார். அந்தக் கோடைக்காலம் முழுக்க, இவரை இங்கே கூட்டிவந்தது தப்பில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சாமான் சேர ஆரம்பித்ததைத் தாமதமாகத்தான் கவனித்தேன். முதலில் மெழுகுவர்த்தி. அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து அட்டை, யாருக்கும் பிறந்தநாள் இல்லாதபோது. பச்சை நிற நூல்கண்டு, நீல நிற நூல்கண்டு, பின்னத் தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை. சமையலறை அலமாரியைத் திறந்தால் எலும்பு வடிவத்தில் நாய் பிஸ்கெட். எங்களிடம் நாய் கிடையாது. அப்பாவுக்கு நாயைக் கண்டாலே ஆகாது.

“இன்னாப்பா இது? எதுக்கு இதெல்லாம் வாங்கினு வர்ற?”

“கடை தொறந்ததும் மொத ஆளா உள்ள போயிட்டு வெறுங்கையோட வர முடியுமா? போணி கெட்டுப் போவுமே, அந்தம்மாவுக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அன்றைக்கு நடக்கிற முதல் விற்பனைதான் போணி. அது நன்றாக அமைந்தால் நாள் முழுக்க வியாபாரம் நன்றாக நடக்கும். கடை திறந்ததும் வருகிற முதல் ஆள் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும். ஆகவே வாங்க எண்ணம் இல்லாதவர்கள் காலை நேரத்தில் கடைப் படி ஏற மாட்டார்கள். கடைக்காரனும் முதல் ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டான், என்ன ஆனாலும். ஒருநாள் காலை மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கிய ஒருவர் எங்கள் கடைக்கு வந்து டார்ச் லைட்டுக்குப் பேட்டரி கேட்டார். இரும்புக் கடையில் பேட்டரி ஏது? அப்பா அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பின்வாசல் வழியாக நாலு கடை தள்ளிப் போய் பேட்டரி வாங்கி வந்து, அதே விலைக்கு அவரிடம் விற்றார். பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று நான் அதைப் பார்த்தேன், இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

“அப்ப காலைல உள்ள போவாதப்பா. கொஞ்ச நேரம் கழிச்சிப் போ,” என்று இப்போது சொன்னேன்.

“போவாம எப்பிடி? கதவத் தொறந்து வெச்சிக்கினு நின்னுக்கினு இருக்குது அந்தம்மா. தெருவுல வேற ஈ காக்கா இல்ல. பாத்தும் பாக்காத மாதிரி தாண்டிப் போவச் சொல்றியா? மதியம் வரைக்கும் ஒருத்தனும் அந்தக் கடையில ஏறல, நானே பாத்துக்கினு இருந்தேன்.”

அங்கேதான் கோளாறு. நிஜக் கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்கு போணி ஆக எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஷட்டரைப் பாதி தூக்கும்போதே ஒருவன் குனிந்து உள்ளே வந்துவிடுவான். இங்கே அந்த அழகான தெருவில் மதியம் வரைக்கும் எந்தக் கடைக்கும் முதல் விற்பனை நடப்பதில்லை. தெருவின் எல்லாக் கடைக்கும் என் அப்பா ஒருவர்தான் முதல் ஆள். அவர் நட்பாகத் தலையைக் காட்டிய ஒவ்வொரு வாசலும் அவருக்குக் கடமையாகிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் தடுக்கவில்லை. நாய் பிஸ்கெட்டை ஆபீஸில் நாய் வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

இலை பழுக்கிற காலத்தில் ஒரு நாள், அப்பாவை ஏற்றிக்கொள்ளப் போனபோது நாய்த் தீனிக் கடைக்காரப் பெண் என் கார் அருகே வந்து நின்றாள். லிண்டா என்று பெயர், அறுபது வயதிருக்கும். அப்பா அப்போது ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். லிண்டா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். உங்கள் அப்பா மிக நல்ல மனிதர். வாரா வாரம் பிஸ்கெட் வாங்குகிறார். நாய் என்ன ஜாதி என்று கேட்டேன், ‘நோ டாக்’ என்று சிரிக்கிறார். மறுபடியும் வந்து வாங்குகிறார். மற்ற கடைகளிலும் இப்படித்தான் என்று சொன்னார்கள். என் அம்மாவுக்கும் மறதி நோய் இப்படித்தான் ஆரம்பித்தது என்றாள்.

நான் அவளுக்கு போணியை விளக்கினேன். என் வாழ்க்கையில் நான் பேசிய இங்கிலீஷிலேயே மோசமான இங்கிலீஷ் அதுதான். ‘ஃபர்ஸ்ட் சேல்’ என்றேன், ‘குட் லக்’ என்றேன், அவர் கடைக்காரர், உங்களுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் வாங்குகிறார் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. “ஓ, தட்ஸ் ஸோ ஸ்வீட்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் சொன்னாள்: என் அம்மாவும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வாள், எல்லாக் காரணமும் அழகாக இருக்கும், நாங்களும் வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அவள் மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. அழுதுகொண்டே சொல்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம், கவலைப்படாதே என்றாள். அந்தப் ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்பதன் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் அப்பா மதியம் வரைக்கும் காத்திருக்கவில்லை. லைப்ரரியில் யாரிடமோ போனைக் காட்டி, எனக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். பாதி மீட்டிங்கில் எழுந்து ஓடினேன். பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னாப்பா, ஒடம்புக்கு ஏதாச்சும்?”

“விக்க மாட்டேன்னுட்டாங்கம்மா.”

“யாரு?”

“எல்லாரும்தான். மெழுகுவத்திய எடுத்துக்கினு போயி மேசை மேல வெக்கிறேன், அந்தப் பொண்ணு சிரிச்சிக்கினே எடுத்து மறுபடி அடுக்குல வெக்கிறா. நூலுக் கடையிலயும் அதேதான். அந்த நாய்க் கடைக்காரி கையப் புடிச்சிக்கினு, வெளிய வரைக்கும் கொண்டாந்து வுடுறா. நான் இன்னா ஓசியிலயா கேட்டேன்?”

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மொத ஆளத் திருப்பி அனுப்புவாங்களா எவனாச்சும்? விரோதியாவே இருக்கட்டும், அனுப்புவாங்களா? அப்பிடி இன்னா தப்பு பண்ணிட்டேன் இவுங்களுக்கு?”

“வூட்டுல நெறைய சேந்துபோச்சுன்னு நெனைக்கிறாங்கப்பா.”

“வாங்குறவன் வூட்டுல இன்னா இருக்குதுன்னு கடைக்காரனுக்கு எதுக்கு?”

உங்களுக்குப் புத்தி பிசகுகிறது என்று அந்தத் தெருவே கூடிப் பேசி, உங்கள் மேல் இரக்கப்பட்டு, உங்களுக்கு விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறது என்பதை ஒரு மகள் எந்த வாயால் சொல்வாள்? விரட்டியிருந்தால்கூட அப்பாவுக்குப் புரிந்திருக்கும், பதிலுக்குத் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார். அவர்கள் அன்பாக இருந்தார்கள். அதற்கு எதிரே அவரிடம் ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம் காலையில் கிளம்பச் சொன்னால் முழங்கால் வலிக்கிறது என்பார். மளிகைக் கடை தெரிகிற அந்த அறையில் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொள்வார்.

லிண்டா விதைத்தது என் மனதிலும் முளைத்துவிட்டது என்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கேவலம். குழாயை மூட மறந்தால் நான் பார்த்தேன். சொன்னதையே திரும்பச் சொன்னால் மனதில் குறித்துக்கொண்டேன். வயதானவர்கள் செய்கிற சாதாரண காரியம் எல்லாம் எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது. நாய் இல்லாத வீட்டுக்கு வாரா வாரம் நாய் பிஸ்கெட் வாங்குவது சரியான புத்திக்கு அடையாளமா என்று ஒருநாள் என் வீட்டுக்காரர் கேட்டார். போணி என்றேன். “போணிதான், இல்லேங்கல. ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிடலாமே,” என்றார். போணி சரிதான் என்று நம்பவும் முடியவில்லை, இல்லை என்று விடவும் முடியவில்லை. இந்தச் சந்தேகம் எனக்குக் கள்ளக்குறிச்சியில் வந்திருக்குமா? அங்கே அப்பா செய்வது எல்லோரும் செய்வது. தெருவே அவருக்குச் சாட்சி. இங்கே அவருக்குச் சாட்சி சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

டாக்டரின் இடம் பணக்கார ஊரில், மணிக்கூண்டுக்குப் பின்னால். பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. டாக்டர் சின்னப் பெண், மரியாதையாகப் பேசினாள். மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடு செய்யவா என்று கேட்டாள், நானே செய்கிறேன் என்றேன். படத்தில் இருக்கிற மிருகத்தின் பெயர் என்ன? சிங்கம். இது? ஒட்டகம். கடிகாரம் வரையுங்கள். வரைந்தார். ஐந்து சொற்கள் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்ன கிழமை? என்ன மாதம்? அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வியாபாரம் பார்த்த மனிதரை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்த மாதிரி இருந்தது. அவர் கழுத்து சிவந்து வந்ததை நான் பார்த்தேன். பிறகு டாக்டர் கேட்டாள், இப்போது நாம் எந்த ஊரில் இருக்கிறோம்?

நான் தமிழில் கேட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். வெகு நாளைக்கு அப்புறம் அவர் உதட்டு ஓரத்தில் ஒரு குறும்பு வந்தது.

“திருக்கோவிலூரு,” என்றார்.

நான் சிரிப்பேன் என்று காத்திருந்தார். நான் சிரித்திருக்க வேண்டும். இது எங்கள் வீட்டு வேடிக்கை, கோடைக்காலம் முழுக்க நாங்கள் சிரித்த வேடிக்கை, இந்தப் பாழும் பரீட்சைக்கு நடுவில் அவர் எனக்காக எடுத்து நீட்டிய ஒரே சந்தோஷம். ஆனால் எனக்குத் தெரியவில்லை. சொல்லுகிறேன், வெட்கம் இல்லாமல் சொல்லுகிறேன், அவர் விளையாடுகிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று அந்த நொடியில் எனக்குத் தெரியவில்லை. என் முகத்தில் அதைப் படித்துவிட்டார். உதட்டோரத்துக் குறும்பு அப்படியே வடிந்துபோனதை நான் என் கண்ணால் பார்த்தேன். டாக்டர் என்னிடம் திரும்பி, என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அப்பாவே இங்கிலீஷில் சொன்னார். ஊர்ப் பெயர். அப்புறம் மிச்சிகன். அப்புறம் யு.எஸ்.ஏ. ஒவ்வொன்றாக, நிறுத்தி, டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “பெர்ஃபெக்ட்!” என்றாள் அவள்.

இப்போதைக்கு ஒன்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதுவரைக்கும் தனியாக வெளியே அனுப்பாமல் இருப்பது நல்லது. அவ்வளவுதான் முடிவு. திரும்பி வருகிற வழியில் அப்பா, ஊருக்குப் போய்விடுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்று ஏங்கினேன். கேட்டால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அங்கே சோறு போட ஆள் இல்லை, கடை இல்லை, வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். ஆனாலும் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த இரண்டு ஊர்களையும் அவற்றின் இங்கிலீஷ் பெயரால்தான் சொல்கிறார். ஒரு தடவைகூட நாக்கு பிசகவில்லை. நாங்கள் பழைய பெயரைச் சொன்னாலும் அவர் திருத்திச் சொல்கிறார்.

இரண்டு வாரம் முன்பு கள்ளக்குறிச்சியிலிருந்து போன் வந்தது. எங்கள் கடைக்குப் பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிற பாய். அப்பாவைவிடச் சின்னவர், அந்தக் காலத்திலிருந்தே அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கடையைத் திறந்து வைத்துவிட்டுப் பேசுகிறார் போலிருக்கிறது. பின்னால் பஸ் ஹாரனும், யாரோ நம்பர் சொல்லிச் செருப்பு கேட்பதும் கேட்டது. நான் ஸ்பீக்கரில் போட்டுப் போனை அப்பா கையில் கொடுத்தேன். எந்த போனையும் நாம் எப்படித் தொடங்குவோமோ, அப்படித்தான் பாய் தொடங்கினார்.

“இன்னா அண்ணே, எங்க இருக்கீங்க?”

அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டு நம்பரைச் சொன்னார். தெருப் பெயரைச் சொன்னார். ஊர், மிச்சிகன், யு.எஸ்.ஏ. என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, இன்றைக்கு வியாழக்கிழமை, என்ன மாதம், என்ன வருஷம் என்பதையும் சொன்னார். அந்தப் பக்கம் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அண்ணே, போலீஸ் ஸ்டேஷன்ல சொல்ற மாதிரி சொல்றீங்களே!” என்று கடையில் இருந்தவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரிப்பது கேட்டது. அப்பா சிரிக்கவில்லை. சொன்னதெல்லாம் சரிதானா என்று கேட்கிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.